கணினி கேள்வி–பதில்: பெயரில் சாய்கோடு இருந்தால் சிக்னேச்சர் ஏன் தவறுகிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஓஆத் பற்றியவை. ஒரு செயலிக்கு இன்னொரு சேவையில் இருக்கும் நம் விவரங்களைத் தொட அனுமதி கொடுக்கும் முறை அது. அதற்கு லைப்ரரி எழுதுபவர்கள் எல்லோரும் 'யூட்டில்ஸ்' என்று ஒரு கோப்பு வைத்திருப்பார்கள். என்கோட் செய்ய (எழுத்துகளை அனுப்பத் தோதான குறிகளாக மாற்ற) ஒன்று, நேரம் எடுக்க ஒன்று, ரேண்டம் எழுத்து உருவாக்க ஒன்று என்று குட்டிக் குட்டி ஃபங்ஷன்கள் அதில் கிடக்கும். யாரும் திரும்பிப் பார்க்காத அந்தக் கோப்பில்தான் வாசகர்கள் கேட்ட பிரச்சினைகளில் முக்கால்வாசி ஒளிந்திருக்கிறது, அதனால் இந்த முறை அதையே பேசிவிடலாம்.

கேள்வி: பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் விவரங்களை இன்னொரு சேவைக்கு அனுப்ப, ஓஆத் 1.0 முறையில் சிக்னேச்சர் (அனுப்பியது நாங்கள்தான், வழியில் எதுவும் மாறவில்லை என்று காட்டும் முத்திரை) போடும் சின்ன லைப்ரரி ஒன்றை நாங்களே பைத்தானில் எழுதியிருக்கிறோம். டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் சிலருடைய விவரம் மட்டும் 401 (அனுமதி இல்லை) என்று திரும்பி வருகிறது. பட்டியலை எடுத்துப் பார்த்தால் அத்தனை பேரும் நம்மவர்கள். மலாய், சீனப் பெயர் ஒன்றுகூட இல்லை. குழுவில் நெட்வொர்க் கோளாறு என்கிறார்கள், எனக்கு நம்பிக்கை வரவில்லை. – வாசகி, பினாங்கு

பதில்: நீங்கள் சந்தேகப்பட்டது சரி அம்மா, நெட்வொர்க் ஆள் பார்த்து விழாது. மலேசிய அடையாள அட்டையில் நம் பெயர்கள் எப்படி அச்சாகியிருக்கின்றன என்று பாருங்கள். ஆண் என்றால் தகப்பன் பெயருக்கு முன்னால் ஏ/எல், பெண் என்றால் ஏ/பி. அந்தச் சாய்கோடுதான் உங்கள் 401. 'பின்', 'பிந்தி' வரும் பெயர்களிலும் சீனப் பெயர்களிலும் வழக்கமாக இடைவெளியைத் தவிர வேறு குறி இருக்காது, இடைவெளியை உங்கள் லைப்ரரி சரியாகவே என்கோட் செய்கிறது என்பது அவை போய்ச் சேர்வதிலேயே தெரிகிறது.

நடப்பது இதுதான். ஓஆத் 1.0-இல் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு விவரத்தின் பெயரையும் மதிப்பையும் முதலில் சதவீதக் குறி போட்டு என்கோட் செய்து, வரிசைப்படுத்தி, ஒரே நீள ஸ்ட்ரிங்காகக் கோத்து, அதன்மேல் எச்மேக் என்ற ரகசியச் சாவிக் கணக்குப் போட்டு சிக்னேச்சர் எடுக்கிறீர்கள். எதிர்ப்பக்க சர்வரும் அதே வேலையைத் தானாகச் செய்து பார்க்கிறது. ஒரு எழுத்து மாறினாலும் இரண்டு சிக்னேச்சரும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போய்விடும். ஓஆத் 1.0-க்கான விதி ஆவணமாக 2010-இல் வந்த ஆர்எஃப்சி 5849 இதில் துளியும் இடம் தரவில்லை: ஆங்கில எழுத்துகள், எண்கள், அப்புறம் சிறுகோடு, புள்ளி, அடிக்கோடு, அலைக்கோடு ஆகிய நான்கு குறிகள், இவற்றைத் தவிர எல்லாவற்றையும் என்கோட் செய்தாக வேண்டும். பைத்தானின் 'குவோட்' ஃபங்ஷனோ சாய்கோட்டைத் தொடாமல் அப்படியே விட்டுவிடும். அது வலைமுகவரியின் பாதைப் பகுதியை மனதில் வைத்து எழுதியது, அங்கே சாய்கோடு பிரிப்பானாக இருக்க வேண்டும் என்பதால் 'சேஃப்' என்ற அமைப்பில் முன்கூட்டியே அதைச் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் 'சேஃப்' மதிப்பை வெறுமையாகக் கொடுத்துக் கூப்பிட்டால் சரியாகிவிடும். சர்வரில் பைத்தான் 3.7-க்கு முந்தியது ஓடினால் வெறுமையாக விடாமல் அலைக்கோட்டை அதில் போடுங்கள், பழைய பதிப்புகள் அதையும் தேவையில்லாமல் என்கோட் செய்துவிடும்.

டெஸ்ட் எப்படிப் பாஸ் ஆனது என்று கேட்பீர்கள். சிக்னேச்சர் போடும் பக்கமும் சரிபார்க்கும் பக்கமும் உங்கள் டெஸ்டில் அதே என்கோட் ஃபங்ஷனைத்தான் கூப்பிடும் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே தவறைச் செய்தால் விடை பொருந்தத்தானே செய்யும்!

திருத்தும்போது இன்னொன்று கண்ணில் படும். கோத்த ஸ்ட்ரிங்கை அச்சடித்துப் பார்த்தால் இடைவெளி இருந்த இடத்தில் %20 இல்லாமல் %2520 இருக்கும். உடனே 'இரண்டு தடவை என்கோட் ஆகிவிட்டது' என்று ஒன்றை எடுத்துவிடாதீர்கள். அது விதிப்படியே அப்படித்தான் இருக்க வேண்டும்: ஒவ்வொரு மதிப்புக்கும் தனியாக ஒரு தடவை, கோத்து முடித்த பிறகு மொத்தத்துக்கும் ஒரு தடவை. சதவீதக் குறிக்குப் பின்னால் வரும் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகள் பெரிய எழுத்தில்தான் இருக்க வேண்டும், வரிசைப்படுத்துவது என்கோட் செய்த பிறகுதான் நடக்க வேண்டும். இவை மூன்றிலும் கைவைத்துக் கெடுத்தவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

உங்கள் குழுவில் வேறு மொழியில் எழுதுபவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லி வையுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் 'என்கோட் யூஆர்ஐ காம்போனென்ட்' சாய்கோட்டைச் சரியாகச் செய்யும், ஆனால் ஆச்சரியக்குறி, ஒற்றை மேற்கோள், இரண்டு அடைப்புக்குறிகள், நட்சத்திரக்குறி ஆகிய ஐந்தையும் விட்டுவிடும். டி'குரூஸ் என்று பெயர் வைத்தவர் அங்கே மாட்டிக்கொள்வார். பிஎச்பி என்றால் 'ரா யூஆர்எல் என்கோட்' வேண்டும், 'ரா' இல்லாதது இடைவெளியைக் கூட்டல் குறியாக மாற்றிவிடும்.

பெயரைத் தமிழிலேயே வாங்கும் நாள் வந்தால் அதற்கும் இப்போதே தயாராக இருக்கலாம். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் 5 குறிகள், ஆக 15 பைட், என்கோட் செய்தால் 45 எழுத்து. முகவரியின் நீளத்துக்கு எங்காவது வரம்பு வைத்திருந்தால் ஒரு நல்ல நீளமான பெயர் அதை எளிதில் தாண்டிவிடும். இன்னொன்று, 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், பைட் கணக்கில் வேறு வேறு. ஓஆத் இதை ஒருமைப்படுத்தித் தராது. வாங்கும் இடத்திலேயே ஒரு தடவை, பிரிந்த குறிகளை ஒன்றுசேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகு யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்னேச்சர் போட்ட பிறகு இடையில் ஒரு லேயர் அதை மாற்றினால் மறுபடி அதே 401.

நம் நாட்டில் அடையாள அட்டையைப் பார்த்துப் பெயர் தட்டும் எந்தப் படிவத்திலும் சாய்கோடு வரும். அது விதிவிலக்கு இல்லை, அன்றாடம். அதைத் தாங்காத ஒரு ஃபங்ஷனால் ஒரு மனிதர் கவுன்ட்டரில் நின்று 'உங்கள் பெயரை சிஸ்டம் ஏற்கவில்லை' என்று கேட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டியிருக்கிறது என்றால், அதை எழுதியவர் மாதிரிப் பெயராக வெளிநாட்டுப் பெயர் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தியதுதான் காரணம். நீங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தீர்களே, அதைத்தான் முதல் நாளே யாராவது செய்திருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 64 வயது. எதற்கெடுத்தாலும் 'கூகுள் வழியாக உள்ளே போ' என்று ஒரு பொத்தான் வருகிறது. மகன் அழுத்தச் சொல்கிறான். அழுத்தினால் என் பாஸ்வேர்டு அந்தக் கடைக்காரனுக்குப் போய்விடாதா? – செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

பதில்: போகாது ஐயா. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குவதைப்போல நினைத்துக்கொள்ளுங்கள்: பணப்பையைத் திறப்பது கவுன்ட்டரில், குருக்கள் பார்ப்பது சீட்டை மட்டும், அந்தச் சீட்டுக்கு அந்த அர்ச்சனை மட்டும்தான். பாஸ்வேர்டை நீங்கள் தட்டுவது கூகுளின் பக்கத்தில், கடைக்குப் போவது டோக்கன் என்ற சீட்டு. ஆனால் பாஸ்வேர்டு தட்டும் முன் மேலே இருக்கும் முகவரி உண்மையில் கூகுளுடையதா என்று பாருங்கள், அப்புறம் 'இந்தச் செயலி இவற்றையெல்லாம் பார்க்க அனுமதி கேட்கிறது' என்று வரும் பட்டியலைப் படிக்காமல் அழுத்தாதீர்கள். காய்கறி விற்கும் செயலிக்கு உங்கள் மின்னஞ்சல்களைப் படிக்க எதற்கு அனுமதி? கொடுத்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் உங்கள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் ரத்து செய்யலாம்.

கேள்வி: அண்ணா, ஓஆத் 2-க்கு பிக்ஸி சேர்க்கிறேன். கடைசியில் வரும் சமச்சின்னத்தை (=) வெட்டிவிட வேண்டும் என்று படித்து வெட்டியும் விட்டேன். ஆனாலும் சில தடவை லாகின் ஆகிறது, பல தடவை 'இன்வேலிட் கிராண்ட்' என்று வருகிறது. கோட் ஒன்றுதான், மாற்றவே இல்லை. பைத்தியம் பிடிக்கிறது. – மாணவர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: தம்பி, மாற்றாத கோட் சில தடவை ஓடி சில தடவை விழுந்தால் உள்ளே ரேண்டமாக வரும் ஏதோ ஒன்று காரணம் என்று முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிக்ஸியில் ஒவ்வொரு லாகினுக்கும் 'வெரிஃபையர்' என்று ஒரு ரேண்டம் ரகசியம் உருவாக்கி, அதை ஷா-256 கணக்கில் போட்டு வரும் 'சேலஞ்ச்' ஸ்ட்ரிங்கை முதலில் அனுப்பி, ரகசியத்தைக் கடைசியில் காட்டுகிறாய். அந்தச் சேலஞ்சின் பைட்டுகளை எழுத்துகளாக மாற்ற நீ சாதாரண பேஸ்64 போடுகிறாய். அதில் கூட்டல் குறியும் சாய்கோடும் வரும். பிக்ஸிக்கான விதி ஆவணமான ஆர்எஃப்சி 7636 கேட்பது முகவரிக்கு ஏற்ற பேஸ்64, அதில் அவற்றின் இடத்தில் சிறுகோடும் அடிக்கோடும் இருக்கும். உன் 'சேலஞ்ச்' ஸ்ட்ரிங்கில் அந்த இரண்டு குறியும் தற்செயலாக வராமல் போகும் வாய்ப்பு சுமார் நான்கில் ஒன்று, கணக்குப் போட்டுப் பார். அந்தத் தடவைகளில்தான் உனக்கு லாகின் ஆகிறது. பைத்தானில் இதற்கென்றே 'யூஆர்எல்சேஃப்' என்று தொடங்கும் ஃபங்ஷன் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு கடைசிச் சமச்சின்னத்தை மட்டும் நீ வெட்டு.

இதைக் கண்டுபிடிக்க நீளம் ஒன்றே போதும். ஷா-256 தருவது 32 பைட், அதைச் சரியாக மாற்றினால் 43 எழுத்து. 44 வந்தால் சமச்சின்னம் ஒட்டியிருக்கிறது. 64 வந்தால் ஹெக்ஸ் (பதினாறடிமான) வடிவத்தை அப்படியே அனுப்புகிறாய். 86 வந்தால் ஹெக்ஸ் வடிவத்தைத் திரும்ப பேஸ்64 போட்டிருக்கிறாய், இது ரொம்ப அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் 'டைஜஸ்ட்' எடுக்க வேண்டிய இடத்தில் 'ஹெக்ஸ் டைஜஸ்ட்' என்று கை தானாகத் தட்டிவிடும். 43 வந்தும் விழுந்தால் இப்போது உனக்கு இருப்பதுபோலக் குறிகளின் பிரச்சினை.

அப்படியே 'வெரிஃபையர்' எப்படி உருவாக்குகிறாய் என்றும் பார்த்துவிடு. 43 முதல் 128 எழுத்துவரை இருக்கலாம். பைத்தானின் 'ரேண்டம்' மாட்யூல் இதற்கு ஆகாது, அது விளையாட்டுக்கும் புள்ளியியலுக்கும் எழுதியது; அது தந்த எண்களைப் போதுமான அளவு பார்த்தவன் அடுத்து வரப்போவதைக் கணித்துவிடலாம். 'சீக்ரெட்ஸ்' மாட்யூல் 3.6-இலிருந்தே இருக்கிறது. நான்ஸ் (ஒரே தடவை பயன்படும் ரேண்டம் ஸ்ட்ரிங்), ஸ்டேட் (லாகினோடு அனுப்பி அப்படியே திரும்பி வரும் அடையாளம்), வெரிஃபையர் எல்லாமே அங்கிருந்துதான் வர வேண்டும். ஸ்டேட் திரும்பி வரும்போது ஒப்பிடுவதற்கும் இரட்டைச் சமச்சின்னம் போடாமல் எச்மேக் மாட்யூலில் இருக்கும் 'கம்பேர் டைஜஸ்ட்' போடு. முதல் எழுத்திலேயே தவறினாலும் கடைசி எழுத்தில் தவறினாலும் அது எடுக்கும் நேரத்தில் வித்தியாசம் தெரியாது, நேரத்தை அளந்து ஊகிப்பவனுக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது.

கேள்வி: ஜார்ஜ்டவுனில் என் மடிக்கணினியில் ஓட்டினால் எதிர்ப்பக்கம் 'டைம்ஸ்டாம்ப் பழையது' என்று மறுக்கிறது. அதே கோட் கிளவுடில் ஓடுகிறது. கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது. – வாசகர், பினாங்கு

பதில்: கடிகாரம் சரி, ஃபங்ஷன்தான் தவறு. உலகப் பொது நேரத்தை (யூடிசி) தரும் 'யூடிசி நவ்' எடுத்து அதன்மேல் 'டைம்ஸ்டாம்ப்' கூப்பிட்டிருப்பீர்கள். முதலாவது தரும் நேரத்தில் எந்த நேர மண்டலம் என்ற குறிப்பே இருக்காது, அதனால் இரண்டாவது அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துக்கொண்டு மலேசியாவுக்கான 8 மணி நேரத்தைக் கழித்துவிடும். 28,800 விநாடி பின்தங்கிய எண் போகிறது. கிளவுட் சர்வர் யூடிசியில் இருப்பதால் அங்கே கழிக்க ஒன்றுமில்லை. பைத்தான் 3.12 'யூடிசி நவ்'வைக் கைவிடச் சொல்லி எச்சரிக்கையே கொடுக்கிறது.

28,800-ஐக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்று தோன்றும், வேண்டாம், கிளவுடில் எதிர்காலத்துக்குப் போய்விடுவீர்கள். அதோடு நேர மண்டலம் அரசாங்கம் மாற்றக்கூடிய ஒன்று: தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-இலிருந்துதான் 8 மணிக்கு வந்தது, அதுவரை ஏழரை. 'டைம்' மாட்யூலின் 'டைம்' ஃபங்ஷனைக் கூப்பிட்டு முழு எண்ணாக்கிக்கொள்ளுங்கள், எந்த ஊரில் ஓடினாலும் ஒரே விடை. டோக்கன் காலாவதியாகும் நேரத்தையும் அதிலேயே கணக்கிடுங்கள். சர்வர் 3600 விநாடி என்று சொன்னால் அதில் 30, 60 விநாடியைக் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது, கடைசி விநாடியில் கிளம்பிய கோரிக்கை வழியிலேயே காலாவதி ஆகாமல் இருக்கும்.

கேள்வி: இதற்கெல்லாம் ரெடிமேட் லைப்ரரி இருக்கும்போது ஏன் நாமே எழுத வேண்டும்? – வாசகி, செராஸ்

பதில்: எழுத வேண்டாம்! பைத்தான் என்றால் ஓஆத்லிப் இருக்கிறது, மேலே சொன்ன என்கோட், நான்ஸ், டைம்ஸ்டாம்ப் எல்லாம் அதில் பல வருடம் அடிபட்டு ஓடுபவை. நாமே எழுத வேண்டிய கட்டாயம் வந்தாலும் அதைத் திறந்து வைத்துப் படித்துவிட்டு எழுதலாம். ஆனால் லைப்ரரி வாங்கிப் போட்ட பிறகும் சுற்றிலும் நாம் எழுதும் சின்ன ஃபங்ஷன்கள் இருக்கத்தான் செய்யும், ஆபத்தானவை பெரும்பாலும் அவைதான்.

இரண்டைச் சொல்கிறேன். ஒன்று ஸ்கோப், அதாவது டோக்கன் எதற்கெல்லாம் அனுமதி தருகிறது என்ற பட்டியல். சர்வர் அதை இடைவெளி விட்ட ஒரே ஸ்ட்ரிங்காகத் தரும். 'ரீட்' அனுமதி இருக்கிறதா என்று அந்த ஸ்ட்ரிங்குக்குள் தேடினால், 'ரீட் புரொஃபைல்' என்று அடிக்கோட்டால் ஒட்டி எழுதிய வேறொரு சின்ன அனுமதி மட்டும் வைத்திருப்பவருக்கும் 'ஆம்' என்று வரும். இடைவெளியில் உடைத்து செட் ஆக்கி முழுச் சொல்லாகத்தான் ஒப்பிட வேண்டும். வரிசை முக்கியமில்லை, பெரிய எழுத்து சின்ன எழுத்து முக்கியம். இரண்டாவது ரீடைரக்ட் முகவரி, அதாவது லாகின் முடிந்ததும் சர்வர் ஆளைத் திருப்பி அனுப்பும் இடம். 'நம் முகவரியில் தொடங்கினால் போதும்' என்று எழுதினால், நம் முகவரியை முன்னால் ஒட்டிக்கொண்டு பின்னால் தன் டொமைனை வைத்திருப்பவன் லாகினுக்குக் கிடைத்த அனுமதிக் கோடைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். ஓஆத் 2 பாதுகாப்பு பற்றி 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்கிறது; சொந்தக் கணினியில் ஓடும் செயலிகளின் போர்ட் எண்ணுக்கு மட்டும் விலக்கு.

கேள்வி: டீபக் செய்ய (பிழை தேட) வசதியாக வரும் டோக்கன் எல்லாவற்றையும் லாகில் (சர்வரின் நடப்புப் பதிவில்) எழுதி வைக்கிறோம். எங்கள் சர்வருக்குள்தானே இருக்கிறது, தப்பா? – வாசகர், கோலாலம்பூர்

பதில்: தப்புதான். பேரர் டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், வேறு கேள்வி கிடையாது. லாகோ பேக்கப்புக்குப் போகும், வேறு குழுவுக்குப் போகும், ஒருவர் பக் காட்ட வாட்ஸ்அப்பில் அதன் படத்தைப் போடுவார். முதல் நான்கு எழுத்தை மட்டும் விட்டு மீதியை மறைக்கும் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, லாகுக்குப் போகும் எல்லாமே அதன் வழியாகப் போகும்படி செய்யுங்கள். எழுதுபவர் நினைவில் வைத்துக் கூப்பிட வேண்டும் என்று விட்டால் ஒரு நாள் மறந்துவிடுவார். ரெஃப்ரெஷ் டோக்கன் (புது டோக்கன் வாங்கித் தருவது), கிளையன்ட் சீக்ரெட் (செயலியின் பாஸ்வேர்டு), ஆத்தரைசேஷன் ஹெடர் (கோரிக்கையில் டோக்கன் போகும் வரி) மூன்றையும் மறக்காமல் சேருங்கள். நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இலேயே வந்தது, 2024 திருத்தத்தின்படி 2025 ஜூன் 1-இலிருந்து தரவு கசிந்தால் ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமையும் வந்திருக்கிறது. லாக் கோப்பு கசிந்தாலும் கசிவுதான்.

கேள்வி: புதிதாக ஒரு யூட்டில்ஸ் கோப்பு எழுதப்போகிறேன். முதலில் எந்த டெஸ்ட் எழுதுவது? – மாணவி, பட்டர்வொர்த்

பதில்: உன் கோட் தரும் விடையை உன் கோடே சரிபார்க்காதபடி, வெளியிலிருந்து விடை தெரிந்த ஒன்றை முதலில் போடும்மா. ஆர்எஃப்சி 7636-இன் பின்னிணைப்பு பி-யில் ஒரு வெரிஃபையரும் அதற்கு வர வேண்டிய சேலஞ்சும் அச்சாகியிருக்கின்றன. ஆர்எஃப்சி 5849-இன் 3.4.1 பகுதியில் சிக்னேச்சருக்கு முந்தைய முழு ஸ்ட்ரிங் ஒன்று இருக்கிறது. இரண்டையும் அப்படியே எடுத்து வை. அதற்கடுத்து ஏ/எல் வரும் பெயர் ஒன்று, ஏ/பி வரும் பெயர் ஒன்று, மேற்கோள் குறி உள்ள பெயர் ஒன்று, 'கொ' இருக்கும் தமிழ்ப் பெயர் இரண்டு வடிவத்திலும், கூட்டல் குறி உள்ள மின்னஞ்சல் ஒன்று, வெறும் ஸ்ட்ரிங் ஒன்று. சர்வரின் நேர மண்டலத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றி எல்லாவற்றையும் ஒரு தடவை ஓட்டு, யூடிசிக்கு மாற்றி இன்னொரு தடவை ஓட்டு. ஏதாவது விழுந்தால் எந்தப் பெயரில் விழுந்தது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்பு, அடுத்த இதழில் பார்ப்போம்.